லயத்துச் சுவரில் காந்தி படம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் மூன்று தலைமுறை வாழ்ந்த லயங்கள் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) பலவற்றில் சாமிப் படங்களின் வரிசையில் ஒரு காந்தி படமும் இருக்கும். எங்கள் அப்பாயியின் (அப்பாவின் அம்மா) காம்பராவில், அதாவது லய அறையில், முருகனுக்கும் லட்சுமிக்கும் நடுவே இருந்தது. லயங்களை இடித்துத் தனி வீடு கட்டும்போதும், பெரியவர்கள் காலமான பிறகு சாமான்களைப் பிரிக்கும்போதும் இந்தப் படங்கள்தான் முதலில் குப்பைக்குப் போகின்றன. அப்படிப் போகவிருந்த சில படங்களை ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் நான் பார்த்துப் பத்திரப்படுத்திக் கொடுத்திருக்கிறேன். அப்போது என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இருப்பது அச்சுப் படமா, போட்டோவா, கையால் வரைந்ததா?

ஒரு பூதக்கண்ணாடி போதும். இல்லையென்றால் கைப்பேசிக் கேமராவைப் படத்துக்கு மிக அருகில் கொண்டுபோய் எடுத்து, திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். கன்னம், நெற்றி மாதிரி நிழல் மெல்ல மாறுகிற இடத்தைப் பார்க்க வேண்டும்.

ஒழுங்கான வரிசையில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தால் அது அச்சு. வண்ணப் படமாக இருந்து, நீலம், ரோஜாச் சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் சின்னப் பூ மாதிரி வட்டமாகக் கூடி நின்றால் ஆப்செட் அச்சாக இருக்கும். புள்ளிகள் ஒழுங்கில்லாமல், மணல் தூவியது போலச் சிதறியிருந்தால் பழைய கல்லச்சு என்று நினைக்க இடமுண்டு. கல்லச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல், அல்லது தகடு. அவை துளி விலகினாலும் உதட்டின் சிவப்பு உதட்டுக்கு வெளியே நிற்கும். அப்படி விலகி நிற்கிற படத்தைப் பார்த்தால் எனக்குத் தனிப் பாசம் வரும். அதை அச்சடித்தவரின் கை அதில் தெரிகிறது.

புள்ளியே இல்லாமல் நிழல் வழுவழுப்பாக ஓடினால், ஓரங்களில் சாய்த்துப் பார்க்கும்போது வெள்ளி மாதிரி ஒரு பளபளப்பும் தெரிந்தால், அது உண்மையான கறுப்பு வெள்ளைப் போட்டோ. அதை இன்னும் கவனமாக வைத்திருங்கள்.

எந்தக் காலத்துப் படம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு படத்துக்கு மூன்று வயது உண்டு: முகத்தின் வயது, அச்சின் வயது, சட்டம் போட்ட வயது. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் ‘நூறு வருஷத்துப் படம்’ என்று சொல்லிவிட்டுப் பிறகு ஏமாறுகிறோம்.

முகத்தின் வயதை உடையே சொல்லிவிடும். 1915இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய காந்தி தலைப்பாகை கட்டி, நீண்ட அங்கியும் வேட்டியும் உடுத்தியிருந்தார். அப்புறம் சில ஆண்டுகள் வெள்ளைக் குல்லாய். 1921 செப்டம்பர் 22ஆம் தேதி மதுரையில், மேல மாசி வீதியில் தங்கியிருந்த வீட்டில், அவற்றை விட்டுவிட்டு முழங்கால் அளவு வேட்டிக்கு மாறினார். இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோரில் நிறையப் பேர் மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்தவர்கள். அவர்கள் ஊர்ப் பக்கத்து ஏழை விவசாயியின் உடையைத்தான் அவர் எடுத்துக்கொண்டார் என்பதை நான் சின்னச் செய்தியாக நினைப்பதில்லை. ஆகவே குல்லாயோடு இருக்கும் முகம் 1921க்கு முந்தையது. மேலே துண்டு மட்டும் போர்த்தியிருந்தால் அதற்குப் பிந்தையது.

இந்திய ரூபாய் நோட்டில் சிரிக்கிறாரே, அதே முகம் உங்கள் படத்தில் இருந்தால் அது 1946இல் எடுத்த போட்டோவிலிருந்து வந்தது. அந்தப் போட்டோவில் அவர் பக்கத்தில் பிரிட்டிஷ் அமைச்சர் பெத்திக் லாரன்ஸ் பிரபு நிற்கிறார். நோட்டுக்காகக் காந்தியின் முகத்தை மட்டும் வெட்டியெடுத்தார்கள். அப்படியானால் உங்கள் படம் 1946க்கு முன் அச்சாகியிருக்க முடியாது.

இதைத் தலைகீழாகச் சொல்ல முடியாது. குல்லாய் போட்ட முகத்தை 1960இலும் அச்சடித்திருக்கலாம். அதனால்தான் தாளையும் அச்சையும் தனியாகப் பார்க்க வேண்டும். தலையைச் சுற்றி ஒளிவட்டம், மேலே பூமாரி, அடியில் ராஜ்காட் (டெல்லியில் உள்ள காந்தி சமாதி) மாதிரி இருந்தால் அது 1948 ஜனவரி 30க்குப் பிறகு வரைந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

சட்டம் போட்ட வயதைப் பின்பக்கம் சொல்லும். அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

படத்தின் அடியில் ‘ஜெர்மனியில் அச்சிட்டது’ என்று ஆங்கிலத்தில் இருக்கிறதே?

இருக்கக்கூடியதுதான். இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் இந்தியச் சந்தைக்கான சாமிப் படங்களும் தலைவர் படங்களும் ஜெர்மனியில் அச்சாகிக் கப்பலில் வந்தன. போர் தொடங்கியதும் அந்த வழி அடைபட்டது. ஆகவே அந்த வரி 1939க்கு முந்தைய அச்சு என்பதற்கு நல்ல அடையாளம்.

பின்னால் சிவகாசி முந்திக்கொண்டது. கோவில்பட்டியில் சி. கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் வரைந்தவை சிவகாசியில் காலண்டர் படங்களாக அச்சாகின. நம் வீடுகளில் இருக்கும் வண்ணப் படங்களில் அந்தப் பாணிதான் அதிகம்: சிவந்த கன்னம், பின்னால் நீல மலை, கண்ணில் ஒரு ஒளிப்பொட்டு. மூலையில் ஓவியர் பெயரோ கடைப் பெயரோ இருந்தால் அதைத் தனியாகப் போட்டோ எடுத்து வையுங்கள். வருஷத்துத் தாள்களைக் கிழித்துவிட்டு மேலே இருக்கும் படத்துக்கு மட்டும் சட்டம் போட்டிருப்பார்கள். கீழ் ஓரத்தில் இரண்டு துளைகளோ கம்பி ஊசியின் துருவோ இருந்தால் அது காலண்டராக இருந்த படம்.

படத்தில் காந்தியின் கையெழுத்து இருக்கிறது. அவரே போட்டதா?

பெரும்பாலும் அச்சான கையெழுத்துதான். பெரிதாக்கிப் பாருங்கள். கையெழுத்தின் கோட்டிலும் முகத்தில் உள்ள அதே புள்ளிகள் இருந்தால் அதுவும் அச்சு. பேனா மை என்றால் தாளின் நாருக்குள் இறங்கியிருக்கும். கோடு தொடங்கும் இடமும் முடியும் இடமும் கனத்தில் மாறும். சாய்த்துப் பார்த்தால் நிப்பு அழுத்திய பள்ளம் தெரியும்.

தமிழில் ‘மோ.க.காந்தி’ என்று இருந்தால் அதை வைத்துப் பொய் என்று தள்ள வேண்டாம். அவர் தமிழிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஹரிஜன நிதிக்காக ஒரு கையெழுத்துக்கு ஐந்து ரூபாய் வாங்கியவர் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அன்றைக்குத் தோட்டக் கூலியில் ஐந்து ரூபாய் எவ்வளவு பெரிய காசு என்று யோசித்துப் பாருங்கள்.

காந்தி இங்கே வந்தபோது எங்கள் பாட்டனார் கையில் கொடுத்தது என்கிறார்கள். இருக்குமா?

1927 நவம்பரில் அவர் இலங்கைக்கு வந்தது உண்மை. கதர் நிதி திரட்ட வந்தார். மலைநாட்டில் கண்டிக்கும் பதுளைக்கும் போனார். தோட்டத் தொழிலாளர்களிடம் பேசும்போது குடியை விடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். மாத முடிவில் யாழ்ப்பாணம் வழியாகத் திரும்பினார்.

அவரைப் பார்க்கத் தோட்டத்திலிருந்து நடந்து போனவர்கள் நம் பாட்டன்மார். பார்த்துவிட்டு வந்தவர் அந்த வருஷமோ பிறகோ ஒரு படம் வாங்கி மாட்டியிருப்பார். ‘காந்தியைப் பார்த்துட்டு வந்து மாட்டினது’ என்ற பேச்சு, இரண்டு தலைமுறை கழித்து ‘காந்தி கொடுத்தது’ என்று மாறிவிடும். பாட்டனார் பொய் சொல்லவில்லை. கேட்டவர்கள் சுருக்கிவிட்டார்கள். படம் 1927க்குப் பிந்தைய அச்சாக இருந்தாலும், அவர் நடந்து போய்ப் பார்த்தது உண்மையாகவே இருக்கலாம். அந்தப் பேச்சையும் எழுதி வையுங்கள், ‘வீட்டில் சொல்வது’ என்று குறிப்பிட்டு.

நம் லயங்களில் மட்டும் ஏன் இத்தனை காந்தி படங்கள்?

1939 ஜூலையில் நேரு கொழும்புக்கு வந்தபோது இலங்கை இந்தியக் காங்கிரஸ் தொடங்கப்பட்டது. அதிலிருந்துதான் பின்னால் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் வந்தது. காந்தி, நேரு, போஸ் படங்கள் சங்கத்தோடு சேர்ந்தே தோட்டத்துக்குள் நுழைந்தன. தோட்ட மேலாளரான துரையின் முன்னால் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற காலம் அது. அந்தக் காலத்தில் பெரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடம்) போகும் முன் ஒரு மனிதர் தன் காம்பராவில், தன் செலவில், தான் தேர்ந்த ஒரு முகத்தை மாட்டினார் என்றால் அதற்கு அர்த்தம் உண்டு. அது அலங்காரத்துக்கு மாட்டியது என்று யாராவது சொன்னால் எனக்கு மனம் ஒப்பாது.

பின்பக்கத்தைத் திறந்து பார்க்கலாமா?

பார்க்க வேண்டும் என்பேன். ஆனால் அவசரமில்லாமல், பகல் வெளிச்சத்தில், மேசையில் ஒரு வெள்ளைத் துணி விரித்து.

முதலில் திறக்காமலே பின்பக்கத்தைப் போட்டோ எடுங்கள். சட்டம் போட்ட கடையின் சீட்டு ஒட்டியிருக்கலாம், ஊர் பெயரோடு. படத்தை மேசையில் முகம் கீழாக வைத்து, ஆணிகளைக் குறட்டால் மெதுவாக நேராக இழுங்கள். துருப்பிடித்த ஆணியை அசைத்து நெம்பினால் மரம் பிளக்கும். பின்னட்டைக்குள் தூசி தட்டாமல் இருக்க ஒரு பழைய பத்திரிகைத் தாளை வைத்திருப்பார்கள். அதை உருவிப் போட்டுவிடாதீர்கள். இலங்கைத் தமிழ் நாளிதழ்களில் வீரகேசரி 1930 ஆகஸ்டில் தொடங்கியது, தினகரன் 1932 மார்ச்சில். தாளில் தேதி இருந்தால் சட்டம் அதற்குப் பிறகுதான் போடப்பட்டது. தேதி கிழிந்திருந்தாலும் செய்தியை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

அடுத்து, தாளுக்கும் படத்துக்கும் நடுவில். இங்கேதான் கை நடுங்க வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் பூட்டுப் போட்ட பெட்டி எல்லோரிடமும் கிடையாது. மழை ஒழுகாத, பிள்ளைகளுக்கு எட்டாத, யாரும் அடிக்கடி தொடாத இடம் சாமிப் பட வரிசைதான். அதனால் முக்கியமான காகிதத்தைப் படத்துக்குப் பின்னால் சொருகிவைக்கும் பழக்கம் இருந்தது.

என்ன காகிதம்? பிறப்புச் சான்று, அரிசிக் கூப்பன், ஊரிலிருந்து வந்த கடிதம். மிகப் பழைய வீடாக இருந்தால் ‘துண்டு’ கிடைக்கலாம். தொழிலாளிக்கு இவ்வளவு கடன் இருக்கிறது, அதைத் தீர்த்தால் விடுவிக்கிறேன் என்று தோட்டம் எழுதிக் கொடுத்த சீட்டு அது. அது இல்லாமல் இன்னொரு தோட்டத்தில் சேர முடியாது. 1921இல் அந்த முறையை ஒழித்தார்கள்.

அப்புறம் பிரஜாவுரிமைக் காகிதங்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் நம் மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1949இன் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்க, 1946 ஜனவரி 1க்கு முன் மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் இங்கே தொடர்ந்து வசித்ததைக் காட்ட வேண்டியிருந்தது. காட்ட எது இருந்தது? தோட்டத்துப் பதிவும், இந்த மாதிரிக் கிழிந்த துண்டுக் காகிதங்களும்தான். 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் இரண்டு நாடும் பாதிப் பாதியாக எடுத்துக்கொண்டன. மீதமிருந்தவர்களுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கொடுத்த 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் வரை இந்தக் கதை இழுத்தது. ஆகவே படத்தின் பின்னால் ஒரு மங்கிய பற்றுச்சீட்டு கிடைத்தால், அது ஒரு குடும்பம் எந்தக் கரையில் நின்றது என்பதன் சாட்சி.

எங்கள் அப்பாயியின் படத்துக்குப் பின்னால் தாத்தாவின் பிறப்புச் சான்றும், பிரஜாவுரிமை விண்ணப்பத்தின் கைப்பிரதியும் இருந்தன. மடிப்பில் இரண்டாகப் போயிருந்தது. அதற்கு முன் ஒரு கடையில் கண்ணாடி மாற்றக் கொடுத்தபோது, கடைக்காரர் உள்ளே இருந்த இன்னும் சில காகிதங்களைக் ‘குப்பை’ என்று வீசிவிட்டார் என்று பிறகு தெரிந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. ஆகையால் சட்டம் மாற்றக் கடையில் கொடுக்கும் முன், வீட்டிலேயே திறந்து பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

மடிந்த காகிதத்தை உடனே விரிக்க வேண்டாம். மடித்தபடியே எடுத்துக் கடித உறையில் போட்டு, நல்ல வெயில் காலத்தில் மெதுவாகப் பிரிக்கலாம்.

படம் மஞ்சளாகிவிட்டது, பழுப்புப் புள்ளிகளும் வந்துவிட்டன. சுத்தம் செய்யலாமா?

மஞ்சள் தாளுக்குள்ளிருந்து வருவது. மலிவான தாள் மரக்கூழில் செய்தது. காற்றும் வெளிச்சமும் பட்டால் அதில் அமிலம் ஊறி நிறம் மாறும். துடைத்துப் போகாது. பழுப்புப் புள்ளிகள் ஈரத்தாலும் பூஞ்சணத்தாலும் வருபவை. எலுமிச்சை, ப்ளீச், ரொட்டித் துண்டு என்று யார் என்ன சொன்னாலும் தொடாதீர்கள்.

பஞ்சு மாதிரிப் பூஞ்சணம் உயிரோடு இருந்தால், படத்தைக் காற்றோட்டமான நிழலில் வைத்து, அது காய்ந்து பொடியாகும் வரை பொறுங்கள். பிறகு வாசலில் வைத்து, மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு, மென்மையான தூரிகையால் ஒரே பக்கமாகத் தட்டிவிடுங்கள். நேர் வெயிலில் காயவைத்தால் பூஞ்சணம் போகும், கூடவே நிறமும் போகும்.

இராமபாணப் பூச்சி அரித்த ஓரங்களுக்கு செலோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். பத்து வருஷத்தில் பசை பழுப்பாகித் தாளைத் தின்றுவிடும்.

படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. எப்படிப் பிரிப்பது?

பிரிக்காதீர்கள். இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடி மேலாகவே நல்ல போட்டோ எடுத்துக்கொண்டு, அப்படியே வைத்திருங்கள். மழையிலோ வெள்ளத்திலோ நனைந்த படம் என்றால் பின்னட்டையை மட்டும் எடுத்துவிட்டு, கண்ணாடி கீழாக, தட்டையாக வைத்துக் காயவிடுங்கள்.

லேமினேட் செய்யலாமா?

வேண்டாம். சூடும் பசையும் உள்ளே போனால் திரும்ப எடுக்க வழியில்லை.

மலைநாட்டு ஈரத்தில் எங்கே மாட்டுவது? எந்த மாதத்தில் சட்டம் போடுவது?

நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். அங்கும் ஹட்டன், மஸ்கெலியா பக்கமும் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். அந்த மாதங்களில் சட்டம் போட்டால் ஈரத்தையும் உள்ளே வைத்து அடைத்ததாகிவிடும். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை அங்கே நல்ல காலம். ஊவா மாகாணத்தில் வேறு கணக்கு. பதுளை, பண்டாரவளை, வெலிமடைக்கு மழை வடகிழக்குப் பருவத்தில்தான் கொட்டும். ஜூலை, ஆகஸ்டில் காய்ந்த காற்று வீசும். ஊவாத் தேயிலைக்கு மணம் கொடுக்கும் அதே காற்றில் உங்கள் படமும் நன்றாக உலரும்.

வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், அது இரவில் வியர்க்கும். அடுத்த காம்பராவுக்குப் பொதுவான உள்சுவர் நல்லது. சட்டத்தின் பின்மூலைகள் நான்கிலும் போத்தல் மூடித் தக்கையை வெட்டி ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவில் காற்று ஓடும். விறகடுப்புக்கு எதிரில் வேண்டாம். தகரக் கூரையில் பனி வேர்த்துச் சொட்டுகிற வரிசை எது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அதையும் தவிருங்கள். படத்தின் முகமும் கண்ணாடியும் தொடாதபடி உள்ளே ஓரத்தில் கெட்டி அட்டைப் பட்டை வைக்கச் சொல்லிக் கடையில் கேளுங்கள்.

குங்குமம், சந்தனம், விளக்கு?

கண்ணாடி மேல் பொட்டு வைப்பதால் கெடுதல் இல்லை. தாளில் நேராக வைக்காதீர்கள். விளக்கையும் ஊதுவத்தியையும் இரண்டு முழம் தள்ளி வையுங்கள். பழைய பொட்டு தாளிலேயே படிந்திருந்தால் அதை அழிக்க வேண்டாம். எங்கள் படத்தில் நெற்றியில் இருக்கும் சிவப்பு அப்பாயியின் விரல் வைத்தது. அதை நான் கறை என்று சொல்லமாட்டேன்.

விற்றால் என்ன கிடைக்கும்?

லட்சக்கணக்கில் அச்சான படங்கள் இவை. பெரிய பணம் கிடைக்காது. யாராவது பழைய சட்டத்துக்காகக் கேட்டு வந்தால், உள்ளே இருப்பதைப் பார்க்காமல் கொடுத்துவிடாதீர்கள்.

ஸ்கேனர் இல்லை. பிரதி எடுப்பது எப்படி?

கைப்பேசி போதும். முற்பகலில், மேகம் மூடிய வெளிச்சத்தில், இஸ்தோப்பில் (வீட்டின் முன் தாழ்வாரம்) படத்தைச் சுவரில் சாய்த்து வையுங்கள். கண்ணாடியில் உங்கள் உருவம் விழுந்தால் நீங்கள் ஒரு கறுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு, அதற்கு மேலாகக் கேமராவை நீட்டி எடுங்கள். முன்பக்கம், பின்பக்கம், நான்கு மூலை, அடியில் உள்ள எழுத்து, உள்ளே இருந்த ஒவ்வொரு காகிதம் என்று தனித்தனியாக வேண்டும். ஸ்கேனர் கிடைத்தால் அங்குலத்துக்கு 600 புள்ளி (600 dpi) அளவில் எடுக்கச் சொல்லுங்கள்.

ஒரு பிரதி வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரரிடம் இருக்கட்டும். 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. உயிர்களோடு வீடுகளில் இருந்த எல்லாப் படங்களும் காகிதங்களும் போயின. நம்முடைய சரிவுகளில் இதை மறந்துவிட்டு எதையும் பத்திரப்படுத்த முடியாது.

வீட்டில் வைத்திருக்க முடியவில்லை. யாரிடம் கொடுக்கலாம்?

கம்பளைக்குப் பக்கத்தில் பழைய லய அறைகளிலேயே அமைத்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. காகிதங்களை எண்ணிமப்படுத்தி (டிஜிட்டலாக்கி) எல்லோரும் படிக்கவைக்கும் வேலையை நூலகம் நிறுவனம் செய்கிறது. கொடுக்கும் முன் படத்தின் கதையை ஒரு பக்கம் எழுதிச் சேர்த்துக் கொடுங்கள். கதை இல்லாமல் போகும் படம் அங்கே இன்னொரு காந்தி படம், அவ்வளவுதான்.

பின்பக்கத்தில் எழுதிவைக்கலாமா?

படத்தின் பின்னால் எழுதாதீர்கள், அழுத்தம் முன்பக்கம் தெரியும். புதுப் பின்னட்டையில், மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் ஊறிப் பரவும். யார் வாங்கியது, எந்தத் தோட்டம், எந்தக் கணக்கு (தோட்டத்தின் பிரிவு), எந்த லயம், எத்தனையாவது காம்பரா, இப்போது யாரிடம் இருக்கிறது, இவ்வளவும் போதும்.

நான் எங்கள் படத்தில் எழுதியது இது: ‘தாத்தா வாங்கியது. மேல்கணக்கு, ஆறாம் லயம், மூன்றாம் காம்பரா. உள்ளே 1948 பெப்ரவரி வீரகேசரித் தாள் இருந்தது. காந்தி இறந்த மாதத்துக்கு அடுத்த மாதம் சட்டம் போட்டிருக்க வேண்டும். நெற்றியில் உள்ள குங்குமம் அப்பாயி வைத்தது. துடைக்க வேண்டாம்.’